பதினெட்டு நிரம்பாத நோயாளிக்கு யார் கையெழுத்துப் போடுவது?

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதினாறு வயதுப் பிள்ளை தனியாக வந்து நின்றால், "என்ன செய்யுது?" என்று கேட்பதற்கு முன்பே "கூட யார் வந்திருக்கா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்த ஒரு கேள்விக்குள் மூன்று விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவர் யார், பெற்றோரிடம் எதைச் சொல்ல வேண்டும், காவல் துறையிடம் எதைச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் சட்டம் தனித்தனி. ஓ.பி. கவுண்டரில் மட்டும் மூன்றும் ஒரே முடிச்சு. இதில் பெரும்பகுதியை அவிழ்க்கச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், உங்கள் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அதைக் கேட்டுத்தான் இந்த மடல். எழுதும் நாங்கள் மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம் பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், போக்சோ வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள்.

ஒப்புதலிலிருந்து தொடங்குகிறோம். மருத்துவத்துக்கு ஒப்புதல் தரும் வயது இதுதான் என்று ஒரே வரியில் சொல்லும் சட்டம் இந்தியாவில் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் 1875ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் 18 என்று வரும். குற்றவியல் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவு, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் ஒப்புதலைத்தான் ஒப்புதலாக ஏற்க மறுக்கிறது. அந்த வயதுப் பிள்ளைகளுக்காகக் காப்பாளர் ஒப்புதல் தரலாம் என்கிறது 27ஆம் பிரிவு. நோயாளியின் நன்மைக்காக, அவருடைய ஒப்புதலோடு, நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்குப் பாதுகாப்புத் தரும் 26ஆம் பிரிவில் வயதே குறிப்பிடப்படவில்லை. அதற்கு முந்தைய 25ஆம் பிரிவில் 18 என்று எழுதத் தெரிந்த சட்டம், 26இல் எழுதவில்லை. இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87 முதல் 90 வரையான பிரிவுகளிலிருந்து அப்படியே வந்த ஏற்பாடு. ஆக, 12க்கும் 18க்கும் நடுவில் இருக்கிற பிள்ளை சட்டத்தின் இரண்டு அறைகளுக்கு இடையிலுள்ள நடையில் நிற்கிறது.

இந்தக் குழப்பத்தில் மருத்துவமனைகள் பாதுகாப்பான வழி என்று நினைத்து எல்லாவற்றுக்கும் அப்பா கையெழுத்துக் கேட்கின்றன. அப்படி யாரும் சொல்லவில்லை. 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிமுறைகளின் 7.16ஆம் விதி பேசுவது அறுவை சிகிச்சையைப் பற்றி. மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்கிறது. பரிசோதனைக்கும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்கவும், மாதவிடாய் வலிக்கு மாத்திரை தரவும் அந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்ப இடமில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிப்பது பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் தந்த வழிகாட்டுதலே 12 வயதைக் கோடாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவர் தன் ஒப்புதலைத் தானே தரலாம் என்கிறது. அத்தனை கடினமான பரிசோதனைக்கு ஒப்புதல் தரத் தகுதியுள்ள பிள்ளை, சளிக்கு மருந்து வாங்க அப்பாவைக் கூட்டி வர வேண்டும் என்பது என்ன கணக்கு?

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் குழப்பமே இல்லை. ஒப்புதல் தர வேண்டியவரை உரிய நேரத்துக்குள் பிடிக்க முடியாவிட்டால் ஒப்புதல் இல்லாமலே சிகிச்சை செய்யலாம் என்கிறது நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 92). இரண்டு மருத்துவர்கள் கேஸ் ஷீட்டில் நேரம் குறித்து, யார் யாரை எத்தனை முறை போனில் அழைத்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் பின்னால் வழக்கு வந்தாலும் அது தாங்கும். குடல்வால் வெடிக்கும் நிலையிலுள்ள விடுதி மாணவனுக்காக, அடுத்த மாவட்டத்திலிருந்து பஸ் ஏறிவிட்ட அப்பாவுக்குக் காத்திருப்பது சட்டம் கேட்கும் வேலை இல்லை. விடுதிகளில் சேர்க்கை நாளிலேயே ஒரு தாள் வாங்கி வைப்பது நல்லது. இரண்டு கைபேசி எண்கள், ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், அவசரத்தில் வார்டன் ஒப்புதல் தரலாம் என்ற பெற்றோரின் கையெழுத்து. திருப்பூர், திண்டுக்கல், கோவை பக்கத்து மில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும், குறிப்பாக ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு, இந்தத் தாள் தேவை.

இனி, முடிச்சு மிகவும் இறுகும் இடம்: கர்ப்பம்.

1971ஆம் ஆண்டு மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3(4)(அ) பிரிவு, 18 வயது நிரம்பாதவர் என்றால் காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது. "காப்பாளர்" யார் என்பதை 2(அ) பிரிவு சொல்லிவிடுகிறது: அந்த மைனரைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவர். அப்பா என்று இல்லை, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து என்றும் இல்லை. வளர்க்கும் பாட்டி, சித்தி, அக்கா யாரும் அந்த வரையறைக்குள் வருவார்கள். ஒப்புதலுக்கான 'சி' படிவத்தில் காப்பாளருக்கு ஒரே ஒரு கையெழுத்து இடம்தான். ஆதார் நகல், குடும்ப அட்டை, இரண்டாவது பெற்றோரின் கையெழுத்து எதற்கும் அதில் கட்டம் கிடையாது. ஆனாலும் இவை கேட்கப்படுகின்றன. ஒவ்வொன்றையும் கொண்டுவர ஒரு வாரம் போகிறது. அந்த வாரத்தின் விலை என்ன என்று மகப்பேறு மருத்துவர்களுக்குத் தெரியும். ஒன்பது வாரம் வரை மாத்திரையிலேயே முடியும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அந்த வரம்புக்குள் வரும் பிரிவினரில் மைனர்களும் உண்டு. 24ஐத் தாண்டிவிட்டால், கருவில் பெரிய குறைபாடு இல்லாதவரை, தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்ற நிலையும் இல்லாதவரை, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். பதின்ம வயதில் மாதவிடாய் தவறுவதைப் பல பிள்ளைகள் தாமதமாகத்தான் கவனிக்கின்றனர், கவனித்தாலும் சொல்வதில்லை. ஏற்கெனவே தாமதமாக வருபவளிடம் நாமும் வாரங்களைப் பறிக்கிறோம்.

சட்டத்தின் வாசகம் காப்பாளரின் ஒப்புதலைக் கேட்கிறது என்பதற்காக, சிறுமியின் விருப்பம் வேண்டாம் என்று ஆகிவிடாது. மைனர் பெண்ணின் விருப்பத்துக்கு எதிராகத் தந்தை கருவைக் கலைக்கச் சொல்ல முடியாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1990களிலேயே, கிருஷ்ணன் எதிர் ராஜன் வழக்கில், சொல்லிவிட்டது. காப்பாளரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் மாறுபட்டால் சிறுமியின் கருத்தை முக்கியமாகக் கொள்ள வேண்டும் என்று மகாராஷ்டிரத்தின் 14 வயதுச் சிறுமி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2024இல் கூறியது. 'சி' படிவத்தின் காப்பாளர் பகுதியில் சிறுமி கையெழுத்திட இடமே இல்லை என்பது பெரிய குறை. படிவத்தை மாற்றுவது டெல்லியின் வேலை. கேஸ் ஷீட்டில், உறவினர் எவரும் இல்லாத அறையில் அவளிடம் தனியாகக் கேட்டு, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கச் சொல்வது உங்கள் வேலை. "தனியாக" என்ற சொல் சுற்றறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்ட கேள்விக்கு வந்த பதில் அம்மாவின் பதில்தான்.

அடுத்தது காவல் துறை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவரோடு பாலுறவு நடந்திருக்கிறது என்று தெரியவந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இருவரும் விரும்பிப் பழகியவர்களா, திருமணம் ஆனவர்களா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. இந்தப் பயத்தில்தான் மருத்துவர்கள் சிறுமியைக் கண்டதும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு, மருத்துவமனையிலுள்ள போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, காவலர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தகவல் தரும் கடமை உண்மை. காத்திருக்கும் கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின் 6ஆம் விதி, சிகிச்சைக்கு முன்நிபந்தனையாகக் காவல் துறையின் கடிதமோ நீதித்துறை ஆணையோ வேறு ஆவணமோ கேட்கக் கூடாது என்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவானாலும் ஆகாவிட்டாலும் பரிசோதனை நடக்கலாம் என்கிறது போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு. கெடுவை நினைத்துப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளை 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. பிறகு 28 நாள் தொடர வேண்டும். அவசரக் கருத்தடைக்கான 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். வெள்ளி மாலை வந்தவளைத் திங்கள் காலை வரை பெஞ்சில் உட்கார வைத்தால் இரண்டுமே கைநழுவக்கூடும்.

பெயரைச் சொல்லாமல் தகவல் தர முடியும் என்பது இன்னும் பல மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேரவில்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, கருக்கலைப்புக்கு வரும் மைனரும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், 19ஆம் பிரிவின்கீழ் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை, பிறகு நடக்கும் குற்ற வழக்கிலும் வெளியிட வேண்டியதில்லை என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதைப் பின்பற்றச் சொன்னது. ஆனால் தீர்ப்பு வந்தால் போதுமா? தகவல் கடிதத்தின் மாதிரி யாரிடமும் இல்லை. காவல் நிலையத்தில் பெயர் இல்லாத தகவலை எப்படிப் பதிவது என்று தெரியாமல், மருத்துவருக்கே போன் போட்டுப் பெயரைக் கேட்கிறார்கள். பாதிப் பேர் சொல்லிவிடுகிறார்கள்.

இதற்குத் தீர்வு கையிலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டு கருக்கலைப்பு ஒழுங்குமுறைகள், அனுமதிப் பதிவேட்டில் ஆண்டுவாரியாக வரிசை எண் இட வேண்டும், ஒப்புதல் படிவத்தை உறையிலிட்டு முத்திரை வைத்து, 'ரகசியம்' என்று குறித்து மருத்துவமனைத் தலைவரின் பொறுப்பில் வைக்க வேண்டும் என்கின்றன. அந்த வரிசை எண்ணையே தகவல் கடிதத்தில் பெயருக்குப் பதிலாக எழுதலாம். கடிதத்தில் இருக்க வேண்டியவை: மருத்துவமனை, தேதி, நேரம், சிறுமியின் வயது, கர்ப்பத்தின் வாரம், அடையாளத்தை மறைக்கும்படி இருவரும் கேட்டுக்கொண்டார்கள் என்ற ஒரு வரி, தீர்ப்பின் தேதி, வரிசை எண். ஏ.ஆர். பதிவேட்டிலும் அதே எண். பின்னாளில் சிறுமி வழக்கு வேண்டும் என்று முடிவெடுத்தால் தடயம் அழிந்திருக்கக் கூடாது. ஆகவே கருத்திசுவை உப்புநீரில் அலசி, அதே எண்ணிட்ட புட்டியில் 4 டிகிரி குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். பேதாலஜிக்கு அனுப்பும் புட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே இந்தத் தவறு நடக்கிறது.

அந்தத் தீர்ப்பிலும் ஓர் ஓட்டை இருப்பதை மறைக்க மாட்டோம். மைனர் "மற்றும்" காப்பாளர் கேட்க வேண்டும் என்கிறது. குற்றம் செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், அல்லது காப்பாளர் அவருக்குப் பயந்தவராக இருந்தால், பெயரை மறைப்பது குற்றவாளிக்கே குடையாகிவிடும். அங்கே எங்கள் கருத்து இதற்கு நேர் எதிர்: பெயரோடு தகவல் போக வேண்டும், அன்றே குழந்தை நலக் குழுவுக்கும் தெரிய வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழைக்க வேண்டும். எது எந்த வகை என்று பிரிப்பதற்கும் தனியாகப் பேசுவதுதான் வழி.

குழந்தையைப் பெற்றுக்கொள்ளப்போகும் சிறுமிக்கு 2022 தீர்ப்பின் விலக்கு பொருந்தாது. அது கருக்கலைப்புக்கு மட்டும். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கும் இடத்தில் வயது தெரியும், தெரிந்தால் புகார் போகும், புகார் போனால் கணவன் என்று அழைக்கப்படுபவர் கைதாவார். இது ஊருக்கே தெரிந்திருப்பதால் பதிவுக்கு வராமல் இருக்கிறார்கள், அல்லது பத்தொன்பது என்று சொல்கிறார்கள். பத்தொன்பது என்று அட்டையில் எழுதப்பட்ட பதினாறு வயதுக்காரியை மருத்துவர் சாதாரண கர்ப்பிணியாகவே பார்ப்பார். ரத்தசோகைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கூடுதல் கண் வைக்க மாட்டார். ஆகவே முதல் வருகையிலேயே ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை, டி.டி. ஊசி எல்லாம் முடிய வேண்டும். தகவல் தருவது வட்டார மருத்துவ அலுவலரின் கையெழுத்தில் போகட்டும். அதே ஊரில் குடியிருக்கும் செவிலியரின் பெயரில் போனால் அடுத்த வீட்டுக் கதவு அவருக்குத் திறக்காது.

பெற்றோருக்குச் சொல்வது பற்றிச் சட்டங்கள் கிட்டத்தட்ட மௌனம். வளரிளம் பருவத்தினருக்கான மருத்துவ மையங்களில் ரகசியம் காக்கப்படும் என்றுதான் 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் வாக்களிக்கிறது. சந்தேகம் கேட்க வந்த பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ பிரிவு, சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு எவரிடமும் விவரத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்கிறது. ஒப்புதல் தந்த பாட்டிக்குத் தெரிந்திருப்பது வேறு. வார்டுக்கு வந்த பெரியப்பாவிடம் செவிலியர் சொல்வது வேறு.

மனநலத்தில் நிலைமை கொஞ்சம் தெளிவு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மைனரின் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சையில் அவர் சார்பில் நிற்பவர், அவருடைய காப்பாளர்தான். உள்நோயாளியாகச் சேர்க்க அவர் விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் 23ஆம் பிரிவு, பிரதிநிதி தன் கடமையைச் செய்யத் தேவையான அளவுக்கே தகவல் தரச் சொல்கிறது. மருந்து எப்போது தர வேண்டும், தற்கொலை எண்ணம் இருக்கிறதா, வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். பிள்ளை யாரைக் காதலிக்கிறது என்பது தெரிய வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் உடையும் என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும். பிளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் நாட்களில் 104, 14416 என்ற உதவி எண்களுக்கு அழைக்கும் பிள்ளையிடம் யாரும் பெற்றோர் கையெழுத்துக் கேட்பதில்லை. நேரில் வந்தால் மட்டும் ஏன்?

நம்பிக்கை மையத்துக்கு வரும் பதினேழு வயதுக்காரருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவும் காப்பாளர் வேண்டும். இதில் ஒரு விநோதம் உண்டு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 32ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குடும்பத்தில் 12 வயது நிரம்பிய, பக்குவமுள்ள அண்ணனோ அக்காவோ தம்பி தங்கையின் சிகிச்சைக்குக் காப்பாளராக இருக்கலாம் என்கிறது. தங்கையின் சிகிச்சைக்கு ஒப்புதல் தர முடிந்தவளால் தன் பரிசோதனைக்குத் தர முடியாது. தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பரிசோதனைக்கே 12 வயதை ஏற்கிறது. இங்கிலாந்து 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 16 வயதினரின் மருத்துவ ஒப்புதலை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவற்றை மத்திய அரசுக்குப் பரிந்துரையாக எழுத மாநிலத்துக்கு உரிமை இருக்கிறது.

பெற்றோரை ஒதுக்கிவைக்கச் சொல்கிறோம் என்று இந்த மடலைப் படிப்பவர்கள் இருப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவைவிட நல்ல துணை கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு சந்திப்பிலும் "வீட்டில் யாரிடம் சொல்லலாம், நாங்கள் கூட இருந்து சொல்லட்டுமா?" என்று கேட்கச் சொல்கிறோம். சொல்ல ஒப்புக்கொள்ளும் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். கவுண்டரில் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொன்னால் மருந்துக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சீட்டில்லாமல் கிடைக்கும் கருக்கலைப்பு மாத்திரையை எத்தனை வாரம் என்று பார்க்காமல் விழுங்கி, ரத்தப்போக்கோடு ஆம்புலன்சில் வரும்போதும் நாம் கேட்பது அதே கேள்வியைத்தான்.

சுற்றறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் ஒப்புதல், பெற்றோர், காவல் துறை மூன்றும் தனித்தனிப் பத்திகளாக. இரண்டாம் பக்கத்தில் தகவல் கடிதத்தின் மாதிரி. மருத்துவக் கல்வி, மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள், பொது சுகாதாரம் ஆகிய மூன்று இயக்ககங்களுக்கும் ஒரே வாசகம் போக வேண்டும்; மருத்துவக் கல்லூரிக்கு ஒன்று, தாலுகா மருத்துவமனைக்கு ஒன்று என்று வந்தால் பழைய குழப்பம்தான். அதே நாளில் காவல் துறைத் தலைமை இயக்குநர் வழியாக அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கும் ஒரு பிரதி போகட்டும். தமிழில் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு இதை எடுத்துப் படிக்கப்போவது பணியிலிருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்.

இப்படிக்கு,
மருத்துவர்கள், செவிலியர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், வழக்கறிஞர்கள்